பிறக்காத அந்தோனியாரின் பெருநாள்

புனித அந்தோனியார் இன்னும் பிறக்கவில்லை என்ற செய்தியை எங்களுக்குக் கொண்டுவந்தவர் எமிலியானுஸ். 2004ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி. புனிதரின் சிலையை வைத்துச் சுமக்கும் பெருநாள் கூட்டைச் சோடிக்க வெள்ளைப் பூவா மஞ்சள் பூவா என்று கோயில் சபைக் கூட்டத்தில் நாங்கள் ஆளையாள் கடித்துக்கொண்டிருந்த நேரம். அவர் கதவடியில் நின்று தொப்பியைப் பிசைந்தார்.

"பூ வேண்டாமாம். அந்தோனியார் இன்னும் பிறக்கேல்லையாம்."

"ஆர் பிறக்கேல்லை?" என்றார் மூப்பர் மரியநாயகம்.

"அந்தோனியார்."

"எந்த அந்தோனியார்?"

"எங்கடை அந்தோனியார்தான், மூப்பர். பிறக்க இன்னும் நூற்றிப் பதினெட்டு வருசம் கிடக்காம். சுவாமி சொல்லுறார்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் பூவுக்குத் திரும்பியிருப்போம். எமிலியானுஸ் பகிடி விடத் தெரியாத மனிதர். அகதி விசாரணையில்கூட உள்ளதை உள்ளபடி சொல்லி மூன்று வருஷம் இழுபட்டவர். அவர் சொன்னால் மடத்துப் புதுச் சுவாமி அப்படித்தான் சொல்லியிருப்பார்.

எமிலியானுஸ் புனித ஓபேர் மடத்தில் சமையல்காரர். கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மலைச்சரிவோடு ஒட்டிய பெரிய கல்மடம் அது. ஒருகாலத்தில் எண்பது துறவிகள் இருந்தார்களாம். நான் சொல்லும் நாளில் ஐந்து பேர். அதில் மிகவும் இளையவருக்கு எழுபத்தொரு வயது, அவரை மற்றவர்கள் 'பொடியன்' என்றுதான் அழைப்பார்கள். அந்த மடத்துச் சிற்றாலயத்தில்தான் எங்கள் தமிழ்ப் பூசை ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும். ஜூன் பதின்மூன்றில் அந்தோனியார் பெருநாளும் அங்கேதான். பதிலுக்கு நாங்கள் மாரியில் பனி வழிப்போம், நிலம் துடைப்போம். கிழவர்களும் எமிலியானுஸின் நண்டுக் குழம்பைச் சாப்பிட்டு, மூக்கைச் சீறி, சந்தோஷமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷப் பெருநாள் எமிலியானுஸ் வீட்டுக்கு வெறும் பெருநாள் அல்ல. முந்தைய இலையுதிர்காலத்தில் அவருடைய மனைவி கிறேஸுக்கு மார்பில் கட்டி கண்டு வெட்டியெடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கிறேஸ் கூரை விளக்குகளைப் பார்த்தபடி அந்தோனியாரிடம் நேர்ந்துவிட்டாள். "என்னை எழுப்பிவிடும். பெருநாளுக்கு உம்மடை கூட்டை என்ரை தோளிலை சுமப்பன்." எழும்பிவிட்டாள். ஆனால் எல்லாம் துப்புரவாகப் போய்விட்டதா என்று பார்க்கும் கடைசி ஸ்கான் ஜூலையில் இருந்தது. பெருநாள் ஜூனில். ஊரில் அந்தோனியார் கோயிலடியில் வளர்ந்த பாஷையூர்க்காரி அவள். நேர்த்தியைச் செலுத்தாமல் ஸ்கான் மேசையில் ஏறிப் படுக்கும் துணிவு அவளுக்கு இல்லை. எனக்கும் இருந்திராது. 'என்ரை தோளிலை' என்று அவள் சொன்னதை மட்டும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எங்களிடம் பெண்கள் நேருவார்கள், புருஷன்மார் சுமப்பார்கள், அது எழுதாத ஒழுங்கு.

இப்படியிருக்க, மாரியில் பழைய மடாதிபதி கண்ணை மூடினார். மேலிடம் புதியவரை அனுப்பியது. அவர் பெயர் டொம் றெனால். மடத்தைச் சீர்திருத்த வந்தவர்.

டொம் றெனால் பிறந்தது லவாலில், ஆற்றுக்கு அந்தப்பக்கம், பேருந்தில் போய்வரலாம். ஆனால் நோர்மண்டியில் இரண்டு வருஷம் இருந்து, நோர்மன் காலத்து மடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். லண்டனில் இரண்டு கிழமை நின்றுவிட்டு வந்து எங்களோடு இங்கிலீஷில் கதைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த வகையில் பட்டதாரி. அவர் பேசுவதெல்லாம் பிரெஞ்சு, அதுவும் உள்ளூர்ப் பிரெஞ்சு இல்லை. எமிலியானுஸ் பாதி விளங்கி வந்து சொன்னதையும் நான் காதால் கேட்டதையும் சேர்த்துத் தமிழில் தருகிறேன்.

முதல்நாள் சாப்பாட்டு மண்டபத்தில் அவர் ஆற்றிய உரை இது.

"சகோதரர்களே, ஏன் செத்துக்கொண்டிருக்கிறோம்? வசதியால். ஆயிரத்து அறுபத்தாறில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபோது என்ன கண்டார்? கொழுத்த துறவிகளைக் கண்டார். உடனே கடலுக்கு அப்பாலிருந்து நல்ல மடாதிபதிகளை வருவித்தார். அவர்கள் உணவைத் திருத்தினார்கள், பாட்டைத் திருத்தினார்கள், புனிதர்களைத் திருத்தினார்கள். ஆங்கிலேயத் துறவிகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. சீர்திருத்தத்தின் அழகே அதுதான். ஒரு மடத்தில் புதிய பாட்டைப் பாட மறுத்தபோது மடாதிபதி வில்லாளர்களைக் கோயிலுக்குள் அழைத்தார். நான் அம்பு எய்வதை ஆதரிப்பவன் அல்ல. ஆனால் அந்த மடாதிபதியின் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. இன்று முதல் இந்த மடத்தில் ஆண்டு ஆயிரத்து எழுபத்தேழு."

எண்பத்து நாலு வயது பிரதர் ஒவிட் கையை உயர்த்தினார். துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு நாற்பது வருஷம் ஞானகாரியம் பார்த்த மனிதர், பேச்சில் இன்னும் கப்பல்துறை வாசம் அடிக்கும். "அப்படியென்றால் நான் ஓய்வூதியம் எடுக்க எத்தனை வருஷம் இருக்கிறது?" என்று கேட்டார். அன்றைக்கே மௌன விதி அமலுக்கு வந்தது.

சீர்திருத்தம் எங்கே தொடங்கும்? குசினியில்தான். 1077இல் நோர்மண்டியில் இல்லாத எதுவும் மடத்துக்குள் இருக்கக்கூடாது என்றார் டொம் றெனால். மிளகாய் போனது. தக்காளி, உருளைக்கிழங்கு, சோளம் எல்லாம் போயின. தேயிலையும் கோப்பியும் போயின. மேப்பிள் பாணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிரதர் ஒவிட் சுவரைப் பார்த்து நின்று அழுதார். எமிலியானுஸ் ஜான்-டலோன் சந்தையில் வாங்கி வைத்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்து தந்தார். நாங்கள் சீர்திருத்தத்தை வாழ்த்தி இரண்டு கிழமை உருளைக்கிழங்கு தின்றோம்.

"சுவாமி, உங்கடை செல்போன்?" என்று எமிலியானுஸ் பணிவோடு கேட்டிருக்கிறார்.

"மேலிடம் அழைத்தால் நான் பதில் சொல்ல வேண்டும். கீழ்ப்படிதல் எல்லா நூற்றாண்டிலும் உண்டு" என்றாராம்.

மௌன விதிப்படி சாப்பாட்டு மேசையில் கதைக்கக் கூடாது, கைச்சைகைதான். மீனுக்கு ஒரு சைகை, பாணுக்கு ஒரு சைகை, உப்புக்கு ஒரு சைகை. பழைய மடங்களில் உண்மையாகவே இருந்த வழக்கமாம். எமிலியானுஸ் வீட்டுக்குப் போய், "இஞ்சேரும், ஐஞ்சு கிழவரும் பரதநாட்டியம் பழகுகினம்" என்று கிறேஸிடம் சொன்னாராம். அவள் பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்ததால் அதை எங்களிடமும் வந்து சொன்னார்.

பிறகு இறைச்சி. துறவி நாலுகால் இறைச்சி தின்னக்கூடாது. நோயாளிக்கும் இரத்தம் எடுக்கப்பட்டவனுக்கும் மட்டும் விலக்கு. அந்தக் காலத்தில் துறவிகளுக்கு வருஷத்தில் சில தடவை நரம்பைக் கீறி இரத்தம் எடுப்பார்கள், உடம்பு குளிரட்டும் என்று. எடுத்தபின் சில நாள் நோயாளிக் கூடத்தில் படுத்து நல்ல சாப்பாடு சாப்பிடலாம். டொம் றெனால் இதையும் விடவில்லை. தெருமுனைக்கு வந்த இரத்ததான வண்டியிடம் ஐந்து பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயிருந்த தாதி அவர்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வண்டிக் கதவைச் சாத்தினாள்.

ஆனால் பிரதர் ஒவிட் சீனி வருத்தக்காரர். தினமும் காலையில் விரலில் குத்தி ஒரு துளி எடுத்து மெசினில் வைத்துப் பார்ப்பவர். அடுத்தநாள் அவர் குத்திய விரலைத் தூக்கிப் பிடித்தபடி மடாதிபதியின் முன்னால் போய் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை, மௌன விதி அல்லவா? டொம் றெனால் புத்தகங்களைப் புரட்டினார். எவ்வளவு இரத்தம் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. பிரதர் ஒவிட் அன்று மத்தியானம் நோயாளிக் கூடத்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் சாப்பிட்டார். அந்தக் கிழமை முடிவதற்குள் மற்ற நாலு பேருக்கும் சீனி வருத்தம் வந்துவிட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் டொம் றெனால் தனியாக இருந்து அவித்த அவரையைச் சாப்பிட்டார்.

இதெல்லாம் மடத்தோடு நின்றிருந்தால் நாங்கள் ஏன் வாய் திறக்கப்போகிறோம்? ஆனால் ஆலயத்தைப் பாவிப்பவர்களும் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றார் டொம் றெனால். ஒரு ஞாயிறு பூசை முடிய எங்களை மடத்துக் கூட்டமண்டபத்தில் இருத்தினார். துறவிகளுக்குக் குற்றச் சபை என்று ஒன்று உண்டாம். ஒருவர் எழுந்து இன்னொருவருடைய குற்றத்தை எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆன்மாவின் நன்மைக்காகத்தான்.

"முதலில் தயக்கமாக இருக்கும். துறவிகளே பேசத் தொடங்கப் பல மாதம் எடுக்கும். நான் பொறுமையாக இருப்பேன்" என்றார்.

அவர் உட்காருவதற்கு முன்பே அக்னெஸ் அக்கா எழும்பிவிட்டார். சிவநேசம் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு முப்பது பிளாஸ்டிக் கதிரை கோயிலிலிருந்து போய், இருபத்தாறு திரும்பி வந்த விஷயம். சிவநேசம் எழும்பி, அக்னெஸ் அக்காவின் வட்டிலப்பம் யார் வீட்டில் செய்தது என்ற விஷயத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு கை உயர்த்துவதற்கு இடைவெளி இல்லை. 1983இல் தொடங்கி ஒவ்வொரு வருஷமாக வந்தோம். ஊரில் வேலிக்கு அந்தப்பக்கம் நட்ட தென்னம்பிள்ளையும் வந்தது, கனடாவுக்கு யார் யாருடைய பாஸ்போட்டில் வந்தது என்பதும் வந்தது. தரையில் விழத்தான் ஒருவரும் இல்லை. வெளியே இருட்டத் தொடங்கியது. எமிலியானுஸை மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள், அவர் "கதிரை" என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"இப்படியொரு பக்தி வேகத்தை நான் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை" என்று சொல்லிவிட்டு டொம் றெனால் மணியை அடித்து எங்களை வெளியே அனுப்பினார். குற்றச் சபை பிறகு கூட்டப்படவில்லை. எங்களுக்குத்தான் ஏமாற்றம், பாதிப் பேருடைய விஷயம் தொடவேயில்லை.

இந்த நிலையில்தான் அந்தோனியார் பிறக்காத செய்தி வந்தது. மூப்பர் மரியநாயகம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, சபையில் மூன்று பேரையும் எமிலியானுஸையும் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போனார். அந்த மூன்றில் ஒருத்தி நான். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்வதால் பிரெஞ்சு எனக்குக் கொஞ்சம் நன்றாக வரும். இரண்டு வயதுக்காரர்களோடு வாதாடிப் பழகிய பிரெஞ்சு, மடாதிபதிக்கும் போதுமாக இருந்தது.

டொம் றெனால் எங்களை மரியாதையாகவே இருத்தினார். "வில்லியம் கொண்டுவந்த பேராயர் ஆங்கிலேயர்களுடைய பல புனிதர்களைச் சந்தேகப்பட்டார், நாட்காட்டியிலிருந்து நீக்கினார். அழுதார்கள். ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான். உங்கள் அந்தோனியார் பிறப்பது ஆயிரத்து நூற்றித் தொண்ணூற்றைந்தில். இன்று எழுபத்தேழு. பிறக்காத ஒருவருக்கு நான் எப்படிப் பெருநாள் கொண்டாடுவது?"

"சவேரியார்?" என்று கேட்டார் மூப்பர்.

"பிறக்கவில்லை."

"லூர்து மாதா?"

"காட்சி கொடுக்கவில்லை."

"செபமாலை?"

"வரும். பொறுத்திருங்கள்."

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேவமாதா?" என்றார்.

"அவர் பிறந்துவிட்டார்" என்றார் டொம் றெனால். எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"சுவாமி, அவர் செய்த புதுமையள் எங்களிட்டை நிறையக் கிடக்கு. ஆள் உண்மையான ஆள்" என்றார் எமிலியானுஸ்.

டொம் றெனாலின் கண் பளிச்சிட்டது. அதற்கும் நோர்மன் முறை ஒன்று இருக்கிறதாம். ஒரு மடத்தில் சந்தேகமான புனிதர்களின் எலும்புகளை நெருப்பில் போட்டுப் பார்த்தார்களாம். உண்மையானது என்றால் எரியாது. பீடத்தில் நிற்கும் எங்கள் அந்தோனியாரின் சுருவத்தையும் பார்க்கலாமே என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூப்பர் ஓம் என்றுவிட்டார். கழுத்துப்பட்டி கட்டினால் அவருக்கு அப்படித்தான் வரும்.

ஆலய நடுவில் இரும்புத் தட்டில் கரி மூட்டி, அதன்மேல் அந்தோனியாரை நிறுத்தினார்கள். துறவிகள் இலத்தீனில் பாடினார்கள், மீன் சைகையும் யாரோ செய்தார்கள். இரண்டாவது சங்கீதம் தொடங்கமுதல் கூரையில் இருந்த புகைக் கருவி அலறியது. மலையடியிலிருந்து இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. தலைக்கவசத்தோடு ஓடிவந்த வீரர்கள் முதலில் அந்தோனியாரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள், பிறகுதான் துறவிகளுக்கு வந்தார்கள். புல்லில் நிறுத்திப் பார்த்தால் சுருவத்துக்கு ஒரு வெடிப்பும் இல்லை. முகமும் கையும் மட்டும் நன்றாகக் கறுத்திருந்தன.

"இப்பதான் எங்கடை ஆள் மாதிரிக் கிடக்கு" என்று அக்னெஸ் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

டொம் றெனால் தீயணைப்புக்காரர்களிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "எரியவில்லை. ஆகவே உண்மையான புனிதர். ஆனால் இன்னும் பிறக்கவில்லை."

அன்று பின்னேரம் கிறேஸ் மடத்துக்குத் தானே வந்தாள். எமிலியானுஸ் குசினியிலிருந்து ஓடிவந்து மறித்தார். "இஞ்சேரும், என்ரை வேலையை யோசியும். நான் ஆறுதலாக் கதைக்கிறன்." அவருடைய வேலையைச் சொல்லிக் குற்றமில்லை, வாடகை அதில்தான் ஓடியது. ஆனாலும் கிறேஸ் நிற்கவில்லை. பெண்கள் வாசற்படி தாண்டக்கூடாது என்று அன்றைக்குத்தான் வந்த புதிய விதியையும் அவள் மதித்தாள், வாசற்படியிலேயே நின்று கூப்பிட்டாள். டொம் றெனால் வந்தார். நான் இடையில் நின்று சொல்லிக் கொடுத்தேன்.

"சுவாமி, என்னை வெட்டப் போகேக்கை நான் அவரைத்தான் கூப்பிட்டனான். அவர் பிறக்கேல்லை எண்டால் நான் ஆரோடை கதைச்சனான்?"

டொம் றெனால் விரலை மடக்கி வருஷம் எண்ணினார்.

"ஜூலையிலை திருப்பிப் பாக்கப் போகினம். எனக்குப் பயமாக் கிடக்கு. என்ரை வாக்கை நான் முடிக்காமல் அந்த மேசையிலை ஏறமாட்டன். உங்களுக்கு இருதயம் இல்லையோ?"

"அம்மா, எனக்கும் இருதயம் இருக்கிறது" என்றார் அவர். குரல் உண்மையாகவே இளகியிருந்தது. "ஆனால் திரு இருதய பக்தி ஆயிரத்து அறுநூறுகளில்தான் வந்தது."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. கிறேஸுக்கு என் முகத்தில் விளங்கியிருக்க வேண்டும். அவள் வாசற்படியில் அப்படியே குந்திக்கொண்டாள். முகத்தைப் பொத்தி அழுதாள். ஒரு மனிதப் பிறவி முன்னால் இருந்து அழும்போது வருஷக் கணக்குப் பார்ப்பவனை என்ன செய்வது? பின்னால் பிரதர் ஒவிட் வந்து நின்றார். மௌனத்தை உடைத்துத் துறைமுகத்துப் பிரெஞ்சில் மடாதிபதியிடம் ஏதோ சொன்னார். ஆலயப் பொருட்களின் பெயர்களையே வசையாக்கித் திட்டுவது கியூபெக்காரர் வழக்கம், அந்தச் சொற்களை நான் இங்கே எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து டொம் றெனால் ஒரு வழி கண்டுபிடித்தார். மடத்துச் சுவருக்குள் ஆண்டு 1077. ஆனால் கார் நிறுத்தும் இடம் நகரசபைக்குப் பிற்பாடு விட்டுக்கொடுத்த நிலம். அது ஒழுங்கின் எல்லைக்குள் வராது. அங்கே எந்த வருஷமும் நடக்கலாம். "கார் நிறுத்தும் இடத்தில் உங்கள் அந்தோனியார் பிறந்துவிட்டார்" என்றார். மூப்பர் மரியநாயகம் கையைக் குலுக்கிவிட்டு வந்து, தான் போராடி வென்றதாக அன்றிரவே நாற்பது வீட்டுக்கு ரெலிபோன் அடித்தார்.

ஜூன் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் அடித்து, ரொறொன்ரோவிலிருந்து வந்த சுவாமி பூசை வைத்தார். கூட்டுக்கு வெள்ளைப் பூவும் மஞ்சள் பூவும் இரண்டும் வைத்துச் சண்டையை முடித்திருந்தோம். உள்ளே கறுத்த அந்தோனியார் குழந்தை இயேசுவோடு நின்றார். மேல்மாடி ஜன்னலில் டொம் றெனால் நின்று 1077இலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறேஸ் நீலச் சேலை உடுத்தி வந்தாள். முடி இப்போதுதான் காதை மூடும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

மூப்பர் மைக்கைப் பிடித்து, "கூடு தூக்கிறவை முன்னுக்கு வாங்கோ" என்றார்.

நாலு காலுக்கு நாலு ஆண்கள் வந்தார்கள். எமிலியானுஸும் ஒருவர். கிறேஸ் அவருக்குப் பின்னால் போய்த் தோளைத் தொட்டாள்.

"விலகுங்கோப்பா. நான் தூக்க வேணும்."

மூப்பர் மைக்கை நிறுத்திவிட்டு வந்தார். "தங்கச்சி, என்ன இது? பொம்பிளையள் கூடு தூக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லையே."

"நேந்தது நான்."

"நேருறது நீங்கள், தூக்கிறது நாங்கள். காலங்காலமா அப்பிடித்தான். உமக்காக உம்மடை மனுசன் தூக்குறார், அந்தோனியாருக்கு அது விளங்கும். வெட்டின உடம்பு வேறை. சனம் பாக்குது, கரைச்சல் குடுக்காதையும்."

"நான் அவருக்குச் சொன்னது என்ரை தோளை."

"ஒழுங்கு எண்டு ஒண்டு கிடக்கு, பிள்ளை. நாளைக்கு எல்லாரும் வந்து தூக்கப்போறன் எண்டு நிண்டால்?"

எமிலியானுஸ் கூட்டின் காலைப் பிடித்தபடி நின்றார். அவர் யாரோடும் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. மனிதருக்கு முகம் முழுக்க வேர்த்திருந்தது. மடத்து ஜன்னலைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார், பிறகு உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"மூப்பர், உது எந்த வருசத்து ஒழுங்கு?"

மூப்பர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "ஆதியிலையிருந்து" என்றார்.

எமிலியானுஸ் தன் இடத்தைக் கிறேஸுக்கு விட்டு, அடுத்த காலில் நின்றவரிடம் போய், "தம்பி, இதைத் தாரும்" என்று வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டு ஆண்களும் மூப்பரின் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்கள். கூட்டைச் சுற்றி இடம் காலியானது. நூற்றைம்பது பேர் நின்றோம், ஒருவரும் அசையவில்லை. கிறேஸ் தோளைக் கொடுத்து நிமிரப் பார்த்தாள், கூடு ஒருபக்கமாகச் சரிந்தது.

மடத்துப் பக்கக் கதவு திறந்து பிரதர் ஒவிட் செருப்போடு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, மூன்றாவது காலைப் பிடித்தார். அக்னெஸ் அக்கா, "ஐயோ கிழவன் விழப்போறார்" என்று ஓடிப்போய் அவரோடு சேர்ந்து பிடித்தார். நாலாவதை நான் பிடித்தேன். எனக்கு எந்த நேர்த்தியும் இல்லை, பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். பாரமென்றால் அப்படியொரு பாரம். எமிலியானுஸ் நெட்டை, நான் குள்ளம், கிழவர் கூனல். அந்தோனியார் முன்னுக்குக் குப்புற விழுவதுபோலச் சாய்ந்து, சாய்ந்தபடியே புறப்பட்டார்.

நாங்கள் முதல் வளைவைத் திரும்பும்போது ஒலிபெருக்கியில் மூப்பரின் குரல் வந்தது. "அன்பான இறைமக்களே! எங்கடை சபை பெண்களுக்கு எப்பவும் முதலிடம் குடுத்து வந்திருக்குது எண்டதுக்கு இது ஒரு சாட்சி. இந்த ஏற்பாட்டைச் செய்த நிர்வாகத்துக்கு..." சனம் கைதட்டியது. அக்னெஸ் அக்கா தூக்கிய கையை விடாமல் மூப்பரின் குடும்பத்தைப் பற்றி மூன்று சொல் சொன்னார்.

கிறேஸுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. வெட்டிய பக்கத்துத் தோளைத்தான் கொடுத்திருந்தாள். மாற்றச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டினாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட ஓட, மேலே நிமிர்ந்து அந்தக் கறுத்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தாரும், என்ரை பங்கு முடிஞ்சுது. இனி உம்மடை பங்கு. பிறந்தனீரோ பிறக்கேல்லையோ, எனக்குத் தெரியாது. ஜூலையிலை வந்து நில்லும்."